சோத்துக்கைப் பக்கம் திரும்பவும்

திருகோணமலை,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாமிக்கு,

மருமகன் நிருபன் எழுதிக்கொள்வது. நான் சுகம். மாமாவும் சுகம். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, இரண்டு சட்டைகளில் குழம்புக் கறை, ஒரு மானோடு ஏற்பட்ட மனத்தாங்கல் ஆகியவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், நீங்கள் ரயிலேற்றி அனுப்பியபோது இருந்த அதே நிலையில்தான் இருக்கிறார். அங்கே உங்கள் சுகத்தையும், புதிதாகப் பூட்டிய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல்.

போனில் நான் சொல்கிற 'ஓம்' எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கிறது, எது மெய்யான ஓம் என்று பிடிபடவில்லை, ஆகவே கடிதமாக எழுதும் என்று சொன்னீர்கள். கேள்வி இதுதான்: இந்த வீட்டை விட்டுவிட்டு மாமாவோடு வெள்ளவத்தைக்கு வந்து, லிப்ட் பூட்டுகிற கம்பெனியில் நீங்கள் சொல்லிவைத்திருக்கிற வேலையில் சேர்கிறேனா, இல்லையா? பதில்: ஓம், வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு ஸீட் பதிந்தாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். தயாளினியின் அலுமாரியைத் திறக்கச் சொல்லாதீர்கள். அவ போனதிலிருந்து பதினொரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, பூட்டியபடியே லொறியில் ஏற்றி அனுப்புகிறேன். இத்தோடு கடிதம் முடிந்தது. ஆனால் மாமாவைக் கறையோடும் சிராய்ப்போடும் திருப்பித் தருவதால், என்ன நடந்தது என்று அறிக்கை கொடுக்கவேண்டியது என் கடமை. துறைமுகத்தில் ஒரு கிரேன் நின்றுபோனாலும் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வயரில்.

பிழை தொடங்கிய இடம் அந்தத் தாள். இரண்டு வருசத்துக்கு முன், நாங்கள் இங்கே குடிவந்த புதிதில், அப்பாவும் அம்மாவும் வந்து நாலு நாள் நிற்கவேண்டும் என்று தயாளினி இருந்து எழுதித் தபாலில் அனுப்பினாவே, அது. வெள்ளவத்தை ஸ்டேசனில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் ஸீட் கிடைக்கும், கோட்டை ஸ்டேசனில் எப்படி ரயில் மாறுவது, திருகோணமலையில் இறங்கி எப்படி வீட்டுக்கு வருவது, பிறகு எந்த நாள் எந்த இடம் பார்ப்பது, எல்லாம் அதில் இருந்தது. மாமா வெயில் குறையட்டும் என்றார். பிறகு மழை விடட்டும் என்றார். பிறகு உங்கள் முழங்கால். பிறகு அவவுக்குக் காய்ச்சல் வந்து, ஐந்தே நாள். செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வான் பிடித்து வந்தது வருகையில் சேராது, அன்று ஒருவரும் வழி பார்த்து வரவில்லை. ஆகவே மாமா இந்தமுறை அந்தத் தாளைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். புறப்படுமுன் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நீர் ஸ்டேசனுக்கு வரப்படாது. பிள்ளை எழுதித் தந்திருக்கிறா, நான் அதைப் பாத்து வருவன். நாப்பது வருசம் காணிப் படம் கீறின எனக்கு வழி காட்ட ஆள் தேவையில்லை."

நான் போனேன். போய், அவர் கண்ணில் படாமல் பார்சல் அறைக்குப் பின்னால் நின்றேன். ரயில் வந்தது, சனம் இறங்கியது, மாமா இறங்கவில்லை. போன் எடுத்தால் 'உங்கள் வாடிக்கையாளர்' என்று ஒரு பெண் கதைக்கிறா. எனக்குப் பதற்றம் வரவில்லை, மாமி. பதினொரு மாதமாக எனக்கு எதுவும் வருவதில்லை. ரயில் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன், கழிவறைகளைத் தட்டிப் பார்த்தேன், பிறகு கார்ட்டிடம் கேட்டேன். வெள்ளைச் சட்டை, இரண்டு பை, ஒரு குடையோடு ஒரு ஐயா ஒரு ஸ்டேசன் முன்னால், சீனக்குடாவில் இறங்கிவிட்டார் என்றார். என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. தாளில் தயாளினி 'துறைமுகம் தெரிஞ்சவுடன் இறங்க ஆயத்தமாகுங்கோ' என்று எழுதியிருக்கிறா. பக்கத்து ஸீட் சிங்கள ஐயா ஒருவர், ரயில் மெதுவாகும்போது யாரிடமோ, "சீன வராய, சீன வராய" என்று சொல்லியிருக்கிறார். சீனக்குடாவுக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். மாமாவுக்கு நாற்பது வருச உத்தியோகச் சிங்களம். வராய என்றால் துறைமுகம் என்று தெரியும். சீனாவைப் பற்றி யோசிக்க நேரமிருக்கவில்லை, குதித்துவிட்டார். முழங்கால் சிராய்ப்பு அதுதான்.

எங்கள் எதிர்வீட்டு ஆதம்பாவா நானாவின் ஓட்டோவில் ஏறி நான் சீனக்குடாவுக்குப் போனேன். மாமா அங்கே இல்லை. "அந்த ஐயாவா? பஸ்ஸில திருகோணமலை ஸ்டேசனுக்குப் போறாராம். ரயிலில வந்திருந்தா ஸ்டேசனில இறங்கியிருப்பாராம், அதனால அங்கயிருந்துதான் தொடங்கவேணுமாம்" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். மாமி, கடைவாசலிலேயே எங்கள் வீட்டுக்குப் பக்கமாகப் போகிற பஸ் நின்றிருக்கிறது. மாமா அதை விட்டுவிட்டார். படம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அளவும் தொடங்கவேண்டும் என்பது அவருடைய உத்தியோக ஒழுக்கம். நாங்கள் திரும்பி ஸ்டேசனுக்கு வந்தபோது வாசலில் கச்சான் விற்கிறவர் சொன்னார்: "தாளைப் பாத்துக்கொண்டு ஒரு ஐயா நிண்டவர். கையைத் தூக்கிப் பாத்தார், பிறகு வலப்பக்கம் போனார்."

பிழை எந்த வயரில் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். தாளில் எழுதியிருந்தது 'ஸ்டேசன் வாசலால வெளிக்கிட்டுச் சோத்துக்கைப் பக்கம் திரும்பவும்.' உலகத்தில் எல்லோருக்கும் சோத்துக்கை வலக்கை. தயாளினிக்கு மட்டும் இடக்கை. அஞ்சு வயசில், இடக்கையால் சாப்பிடுகிற பிள்ளையைத் திருத்தவேண்டும் என்று மாமா அவவின் வலக்கை மணிக்கட்டில் நீல ரிபன் கட்டி, 'ரிபன் கட்டின கைதான் சோத்துக்கை, மறக்கப்படாது' என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போவாராம். அவ குசினிக்கு வந்து, 'அம்மா, இறுக்குது, மாத்திக் கட்டிவிடுங்கோ' என்பாவாம். நீங்கள் மற்றக் கைக்கு மாற்றிக் கட்டிவிட்டு, மாமா திரும்பி வருவதற்கு முன் பழையபடி வலக்கைக்கு மாற்றிவிடுவீர்களாம். ஆகவே அவ அப்பா சொன்னதை ஒருநாளும் மீறவில்லை. ரிபன் கட்டின கையால்தான் சாப்பிட்டா. கலியாணம் முடிந்து இங்கே வந்த முதல் நாள் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, என் முன்னால் இடக்கையால் சோறு பிசைந்தா. நான் பார்த்தேன். "இது இடக்கை இல்ல, இதுதான் என்ர சோத்துக்கை. அப்பாவுக்குச் சொன்னீங்கள் எண்டா உங்களுக்குச் சோறு இல்ல" என்றா. சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். மூன்று-பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை, சுற்றுகிற பக்கம்தான் வேறு. நான் ஒருநாளும் மாற்றிப் பூட்ட நினைக்கவில்லை.

வலப்பக்கம் போன மாமா தாளில் உள்ளபடி மெயின் றோட்டில் வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். 'மூண்டாவது தரிப்பில இறங்குங்கோ, கடைக்குப் பக்கத்தில ஒழுங்கை, ஒழுங்கை முடிவில நீலமாத் தெரியிறதுதான் எங்கட வீட்டுக் கேற்.' அது நிலாவெளி பஸ். பாதிவழியில் ஏற இறங்க ஆளில்லாமல் ஓடி, மூன்றாவது தரிப்பு நிலாவெளிக்குள் வந்திருக்கிறது. இறங்கினார். கடை இருந்தது. ஒழுங்கை இருந்தது. ஒழுங்கை முடிவில் நீலமும் இருந்தது, ஆனால் கேற் இருக்கவில்லை, கடல்தான் இருந்தது. நாங்கள் பஸ்ஸைக் கேட்டுக் கேட்டுத் துரத்திப் போய்ச் சேர்ந்தபோது மாமா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, பதினைந்து பேரோடு நின்று கரைவலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கேற்றைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், "ஐயா, முதலில இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, வலை கரைக்கு வந்தாப்பிறகு ஆறுதலா கதைப்பம்" என்று கையில் கொடுத்துவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. மாமி, நான் கடற்கரையில் நின்று கத்தினேன். "மாமா! ஒரு போன் எடுக்க ஏலாதே உங்களுக்கு? உங்களுக்கும் ஏதும் நடந்தா நான் மாமிக்கு என்னெண்டு சொல்லுறது?" என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ஆதம்பாவா நானா என் தோளில் கை வைத்தார். மாமா கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார். "சத்தம் போடாதையும் தம்பி, மீன் கலைஞ்சிடும்" என்றார். கயிற்றுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உடனே கண்ணால் தண்ணீர் வந்தது, மூக்காலும் வந்தது, ஒரே நேரத்தில் எல்லாம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பங்காக ஒரு பை சாளை மீன் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மாமா அந்தப் பைக்குள்தான் போனைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இனி அந்த நம்பருக்கு எடுக்கவேண்டாம்.

இரண்டாம் நாள் கோட்டை, கோணேசர் கோயில். நானும் கூடவே போனேன், ஆனால் மாமா நாலடி முன்னால், தாளைக் கையில் பிடித்தபடி. 'கோட்டை வாசலால உள்ள போய்ச் சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் நடந்தா மரத்தடியில மான் படுத்திருக்கும். அப்பாவுக்குக் கால் நொந்தா அதில இருந்திட்டுப் பிறகு கோயிலுக்கு ஏறலாம்.' மாமா வலப்பக்கம் போனார். அங்கே தடைக்கம்பமும் ஒரு காவல்காரப் பெடியனும்தான். மாமா அவனுக்குத் தாளை நீட்டி, சிங்களத்தில், "என் மகள் இங்கே மான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள்" என்று சொன்னார். அவனுக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது, இருந்தும் தாளை இரண்டு கையாலும் வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "வடிவான எழுத்து, ஐயா" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். மாமாவுக்கு அவனில் நல்ல விருப்பம். எதிர்ப்பக்கம் போனோம், மான் படுத்திருந்தது. "இருக்குத்தானே! பிள்ளை பிழையா எழுதமாட்டா" என்று மாமா மானுக்குத் தாளைத் தூக்கிக் காட்டினார். மான் எழும்பி வந்து தின்றுவிட்டது.

முழுவதையும் இல்லை. கீழ்ப்பாதியை. பொலித்தீனோடு. மாமா குடையை எறிந்துவிட்டு மானைத் துரத்தினார். நான் மாமாவைத் துரத்தினேன், கோயிலுக்கு வந்த ஒரு பஸ் சனம் எங்களைப் போனில் படம் பிடித்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள், கடைசிக் குறிப்புகள் எல்லாம் மானோடு போய்விட்டன. மாமா மேல்பாதியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு மரத்தடியில் குந்திவிட்டார். கோணேசரிடம் போனபோதும் வேண்டுதல் ஒன்றும் சொல்லவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், மாமாவுக்குச் சொல்லவேண்டாம்: தபாலில் போடுமுன் தயாளினி அந்தத் தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்தவ. அது அந்த அலுமாரிக்குள் இருக்கிறது. திறக்க எனக்கு ஏலாது. மாமாவின் முகத்தைப் பார்த்தும் ஏலவில்லை.

மத்தியானம் மீன்குழம்பு வைத்தேன். ஆதம்பாவா நானாவையும் சாப்பிடக் கூப்பிட்டேன். மாமா சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தார். பிறகு நானாவிடம் கேட்டார், "தம்பி, உங்களைக் கேக்கிறன். இந்த ஊரில சோத்துக்கை எண்டா எந்தக் கை?"

"எல்லா ஊரிலயும் உள்ள கைதான் ஐயா."

"அப்ப பிள்ளை எழுதினதெல்லாம் மாறி வருதே. ஸ்டேசனும் மாறி, கோட்டையும் மாறி. ஊரைத்தான் மாத்திக் கட்டிப்போட்டாங்களோ?"

நான் நானாவுக்குக் கண்ணைக் காட்டினேன். நானா மீன்முள்ளில் கவனமாக இருந்தார். "ஓ, தங்கச்சிட சோத்துக்கையா? அது இடப்பக்கம் ஐயா. ஓட்டோவில ஏறி 'நானா, சோத்துக்கைப் பக்கம்' எண்டா நான் இடதுபக்கம்தானே திருப்புற. எங்கட ஒழுங்கைக்கே தெரியும். என்ட மகள் ஷிஃபானா இண்டைக்கும் அப்படித்தான் சொல்லுற, நான் அடுத்தாக்கள ஏத்திப் போகக்குள்ள குழம்பிப் போறன். தங்கச்சி சோறு தின்னுற கை அதுதானே?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

மாமா இரண்டு கையையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் சோற்றைப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து, வாய்க்குக் கொண்டுபோனார். பாதி சட்டையில் கொட்டியது. திரும்பவும் எடுத்தார், திரும்பவும் கொட்டியது. "கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் மற்றக் கை இப்பிடித்தானே இருந்திருக்கும்."

கோப்பை முடியும்வரை அப்படியே சாப்பிட்டார். கறையின் விபரம் இதுதான். கை கழுவும்போது, "பாக்கியத்துக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார். நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, மாமி. தெரியாது என்றேன். அவர் துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் காலமை கட்டுறது ஒற்றை முடிச்சு. பின்னேரம் வந்து பாத்தா பூ முடிச்சு. பிள்ளை தானாக் கட்டப் பழகிட்டா எண்டு நான் கந்தோரில எல்லாருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டனான்."

நேற்று மூன்றாம் நாள். தாளில் இல்லாததால் என் ஞாபகத்தில் இருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போனேன். இப்போது மாமாவுக்கு எல்லாச் சந்தியும் இடப்பக்கம்தான். நான் நேரே போகச் சொன்ன இடத்திலும் இடப்பக்கம் திரும்பி, ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் போய்விட்டோம். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. நான் வேலைத்தளத்து வெப்பமானியால் அளந்து சொல்ல, மாமா இடக்கையால் எழுதினார். எழுதினதை எங்கள் இரண்டு பேராலும் வாசிக்க ஏலவில்லை. இன்று இரவும் இடக்கையால்தான் சாப்பிட்டார். அது இரண்டாவது சட்டை.

அறிக்கை இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம், திங்கட்கிழமை லிப்ட் கம்பெனிக்காரரைச் சந்திக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். கோணேசர் உங்களுக்குப் படியில்லாத வீட்டையும் வலியில்லாத நடையையும் தருவாராக. பக்கத்து வீட்டாருக்கும், எனக்கு வடை அனுப்புகிற அந்த மேல்மாடி அம்மாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
நிருபன்.

பி.கு. (வெள்ளிக்கிழமை): கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நேற்று முழுக்க மாமா மேசையில் இருந்து, மான் தின்ற பாதியைப் பென்சிலால் திரும்பக் கீறிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வரை வந்துவிட்டது. "நாலாம் நாள் என்ன எழுதினவ, தம்பி?" என்று கேட்டார். எனக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் பென்சிலைத் தூக்கியபடியே காத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். அவவின் வாசம் வரும் என்று பதினொரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன், மாமி; பூச்சி உருண்டை வாசம்தான் வந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். தாளின் கொப்பி கரன்ட் பில்லுகளோடு இருந்தது. கடைசி வரிகளை அப்படியே எழுதுகிறேன்: 'நாலாம் நாள் ஒரு இடமும் போறதில்ல. அப்பா கதிரையில இருக்கட்டும். நிருபன் சமைப்பார். நான் அம்மாவோட இருந்து கதைப்பன். திரும்பிப் போற ரயில் எழுதேல்ல. எழுதினா அப்பா அதையே பாத்துக்கொண்டிருப்பார்.'

மாமா மூன்று தரம் வாசித்தார். "பிள்ளை எழுதாத ரயிலில நான் ஏறமாட்டன்" என்றார். ஸீட் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆகவே மேலே நான் எழுதிய ஓமை வெட்டிவிட்டு ஏலாது என்று வாசிக்கவும். இது மெய்யான ஏலாது, போனில் கேட்டாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியும். மாமா கதிரையில் இருக்கிறார். நான் சமைக்கிறேன். நாலாம் நாளுக்கு ஆள் ஒன்று குறைகிறது, மாமி. அலுமாரியில் அவவுடைய சீலைகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் என்ன செய்வது?

முழங்கால் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்கோ. தாளின் கொப்பிக்கு ஒரு கொப்பி இதோடு வைத்திருக்கிறேன், மான்களுக்குக் காட்டவேண்டாம். சீன வராயவில் இறங்கவேண்டாம். ஸ்டேசன் வாசலில் நிற்கப்போகிறேன் என்று சொன்னேன், மாமா விடவில்லை, "பாக்கியம் தாளைப் பாத்துத் தானா வருவா" என்கிறார். வாசலால் வெளிக்கிட்டுச் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கோ. எந்தக் கை என்று நான் எழுதவில்லை. பூ முடிச்சுப் போட்டது நீங்கள்தானே.